நகையை வைத்துப் போர் போடலாமா?

கேள்வி:

எங்கள் ஊர் கம்பம். மேலே கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் மாமனார் காலத்து ஏலத்தோட்டம் 2 ஏக்கர் இருக்கிறது. அது போக 3 ஏக்கர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறோம். 2024 கோடையில் மூன்றில் இரண்டு பங்கு செடி காய்ந்துபோனது. அந்த ஆடியிலேயே மறுநடவு செய்தோம். சங்கத்தில் 4 லட்சம் கடன் நிற்கிறது. அடுத்த கோடைக்கு முன்னால் என் நகையை வைத்து 800 அடி போர் போட்டுவிட வேண்டும் என்று கொழுந்தனார் நிற்கிறார். மகனோ தோட்டத்தை விற்றுவிட்டுக் கம்பத்தில் பைக் மெக்கானிக் கடை வைக்கலாம் என்கிறான். விவசாயத்தை விட்டு ஓடுகிறானே என்று என் வீட்டுக்காரர் அவனோடு பேசுவதில்லை. எங்களிடம் காய் எடுக்க வந்துகொண்டிருந்த எட்டுப் பெண்களுக்கு அந்த வருடம் வேலையே கொடுக்க முடியவில்லை. அது வேறு மனதை உறுத்துகிறது. இது ஒரு வருடத்துச் சோதனையா, இல்லை இனிமேல் இப்படித்தானா? போர் போடலாமா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போர் போட வேண்டாம். நகையை வைத்துப் போடவே வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்களுடைய இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இது ஒரு வருடத்துச் சோதனையா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லா முடிவும் இருக்கிறது.

ஒரு வருடத்துச் சோதனை இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டைக் கடந்த பத்து வருடத்துக்குப் புரட்டிப் பாருங்கள். 2016இல் கேரளத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பொய்த்தன. அந்த வறட்சி 2017 கோடை வரை இழுத்தது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம், மண்சரிவு, தோட்டம் முழுக்க அழுகல். 2019 ஆகஸ்டிலும் பேய்மழை. அப்புறம் 2024 கோடை. பருவமழை கேரளத்தில் இறங்கிய தேதியைப் பாருங்கள்: 2023இல் ஜூன் 8, 2025இல் மே 24. இரண்டு வாரத்துக்கு மேல் வித்தியாசம். கோடையின் கடைசி இரண்டு வாரம் ஒரு ஏலச்செடிக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவின் சராசரி வெப்பம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்ததையும் அதே அறிக்கை காட்டுகிறது. அந்தக் குறைவு நன்றாகத் தெரியும் இடங்களில் மேற்குத்தொடர்ச்சி மலையும் ஒன்று. ஆனால் பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழையில்லாத நாளில் அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. மழை வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஒரே தோட்டத்தில் ஒரு வருடம் கருகலும் இன்னொரு வருடம் அழுகலும் வருவது இதனால்தான். எந்த வருடம் வறட்சி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னைவிட அடிக்கடி வரும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் ஏலச்செடிக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு? அது காட்டு மரங்களின் நிழலில் வளர்ந்த செடி. வேர் ஆழத்துக்குப் போகாது, மேல்மண்ணிலேயே ஓடும். தை, மாசியில் அடியிலிருந்து பூவும் காயும் பிடிக்கும் சரம் புறப்படுகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்தால் பூப்பிடிக்கிறது. நடுவில் மேல்மண் காய்ந்தால் சரம் கருகி அந்த வருடக் காய் போகும். இளந்தட்டையும் (இளம் தண்டும்) காய்ந்தால் அடுத்த வருடக் காயும் போகும், ஏனென்றால் இந்த வருடத்துத் தட்டைதான் அடுத்த வருடம் சரம் விடுகிறது. செடியே செத்தால் மறுநடவு செய்து முதல் காய் பார்க்க இரண்டு வருடம், நிறைந்த மகசூலுக்கு மூன்று வருடம். ஆக மூன்று மாத வெயில் மூன்று வருட வருமானத்தைக் கொண்டுபோகிறது.

என் கவலையெல்லாம் இந்தக் கணக்கில்தான். 1983 வறட்சியைப் பற்றி ஹைரேஞ்சில் (இடுக்கி மலைப்பகுதியில்) பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். அன்றைக்கும் தோட்டம் காய்ந்தது, கடன் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு செடி தேறவும், கடனை அடைக்கவும், கையில் நாலு காசு சேரவும் அவகாசம் கிடைத்தது. இப்போது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவிலுள்ள காலம், தோட்டம் தேறுவதற்கு ஆகும் காலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பாதி தேறும்போதே அடுத்தது விழுகிறது. ஒவ்வொரு தடவையும் கையிருப்பு கரைகிறது, கடன் கூடுகிறது, அடுத்ததைத் தாங்கும் தெம்பு குறைகிறது. காலநிலைக்கு ஏற்ப விவசாயி மாற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாறுவதற்குக் கையில் பணம் வேண்டும், நிலம் தன் பேரில் இருக்க வேண்டும், இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் காத்திருக்க முடிய வேண்டும். உங்களிடம் இன்றைக்கு இந்த மூன்றில் எதுவும் முழுசாக இல்லை. அதனால்தான் மிச்சமிருக்கும் நகையை எங்கே வைப்பது என்பது இவ்வளவு பெரிய கேள்வியாகிறது. அடுத்த அடியில் இழப்பு சிறியதாக இருக்க வேண்டும், எழுந்து நிற்க ஆகும் காலமும் குறைய வேண்டும். எதில் பணம் போடுவதாக இருந்தாலும் இந்த இரண்டையும் செய்யுமா என்று கேட்டுப் பாருங்கள்.

800 அடி போர் இந்த இரண்டையும் செய்யாது. நம் மலை கடும்பாறை. மணற்பாங்கான பூமியில் ஊறுவது போல இங்கே தண்ணீர் ஊறாது. பாறை வெடிப்பில் எங்காவது நிற்கும். அந்த வெடிப்பைத் துளை சந்தித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆழம் போகப் போக வெடிப்புகளும் குறையும். மேட்டிலும் சரிவிலும் இருக்கும் தோட்டத்துக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. வந்தாலும், நமக்குத் தண்ணீர் வேண்டிய அதே மாசி பங்குனியில்தான் சுற்றிலும் உள்ள எல்லாப் போர்களும் ஓடும். தண்ணீர் வராவிட்டால் போனது போனதுதான். குழியை விற்க முடியாது. கொழுந்தனாரை நான் குறை சொல்லவில்லை. செடி கண்ணெதிரே கருகியதைப் பார்த்தவருக்கு வரும் அவசரம் அது. அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து போர்தான் என்று முடிவெடுத்தால்கூட, கேரள நிலத்தடி நீர்த்துறையில் விண்ணப்பம் கொடுத்து இடத்தை ஆய்வு செய்யாமல் வண்டியைக் கூப்பிடக் கூடாது. கையில் தேங்காயை வைத்துப் பாயிண்ட் பார்ப்பவரின் சொல்லை நம்பி உங்கள் நகையை அடகு வைக்காதீர்கள்.

சரி, இந்தக் கோடைக்கு என்ன செய்வது? 2024 ஆடியில் நட்ட செடிக்கு வரப்போவது முதல் சரம். இரண்டு வருடச் செலவு அதில் நிற்கிறது. அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

இப்போது கார்த்திகை. மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூடாக்குப் போட்டுவிடுங்கள். உதிர்ந்த இலை, கவாத்தில் கழித்த காய்ந்த தட்டை, தோகை எல்லாவற்றையும் செடியைச் சுற்றிக் கைச்சாண் கனத்துக்குப் பரப்புங்கள். செடியின் அடியை ஒட்டிக் குவிக்க வேண்டாம். சரம் வெளிவர இடம் விடுங்கள். களையைக் கொத்திச் சுரண்டி மண்ணை வெள்ளையாக்கும் பழக்கத்தை இந்தக் கோடையில் நிறுத்துங்கள், அரிவாளால் அறுத்து அங்கேயே போடுங்கள். களைக்கொல்லி அடித்து வெறும் தரையாகக் கிடக்கும் தோட்டத்தையும் மூடாக்குப் போட்ட தோட்டத்தையும் பங்குனியில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாரும் வாதாட மாட்டார்கள். மூடாக்கைக் கையால் விலக்கி, அரைச் சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பாருங்கள். கை விரித்த பிறகும் உருண்டையாக நின்றால் அந்தச் செடிக்கு இன்னும் சில நாள் பொறுக்கலாம். உதிர்ந்தால் அன்றைக்கே உயிர்த்தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கிடத்தான் மனசு சொல்லும். அப்படிச் செய்தால் எதுவும் பிழைக்காது. சொந்த 2 ஏக்கரில் செடி நன்றாகப் பிடித்திருக்கும், நிழல் இருக்கும் ஒரு பகுதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பச்சை வலை, ஆள் எல்லாம் முதலில் அங்கே. மீதிக்கு மூடாக்கு மட்டும்.

ஒருவேளை காய்ந்தாலும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். 2024இல் மேலே தட்டை காய்ந்ததும் செடி செத்தது என்று பிடுங்கி எறிந்த தோட்டங்கள் நிறைய. மண்ணை விலக்கிக் கிழங்கை ஓரத்தில் கத்தியால் லேசாகச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மழை பட்டதும் புதுத் தட்டை விடும். காய்ந்ததை மட்டும் கழித்துவிட்டு விடுங்கள். பழுப்பேறி, அமுக்கினால் உள்வாங்கினால்தான் அது போன செடி. மறுநடவு செய்த செடிக்கும் கிழங்கிலிருந்து மறுபடி வரும் செடிக்கும் ஒரு வருடமாவது வித்தியாசம் உண்டு. நான் சொன்ன இடைவெளிக் கணக்கில் அந்த ஒரு வருடம் பெரிய பணம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. 2024இல் உங்கள் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்திருக்கிறது. அதில் நிழலோ ஈரமோ இருந்ததால் பிழைத்தவை பல இருக்கும். ஆனால் வெட்டவெளியில், சுற்றிலும் எல்லாம் செத்துக் கிடக்க, தனியாக நின்ற செடியும் சில இருந்திருக்கும். உங்களுக்கும் காய் எடுக்கும் பெண்களுக்கும் அவை எங்கே நிற்கின்றன என்று தெரியும். அவற்றுக்கு ஒரு துணியைக் கட்டி வையுங்கள். அடுத்த நடவுக்கு வெளியில் நாற்று வாங்குவதைக் குறைத்து, அந்தத் தூர்களிலிருந்து கிழங்கு பிரித்து நடுங்கள். இலையில் வெளிர்பச்சைக் கோடு கோடாக இருக்கும் கட்டே நோய் இல்லாத தூராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஹைரேஞ்ச் முழுக்க ஞள்ளானி என்ற ஒரே ரகம் பரவியிருக்கிறது. காய் தருவதில் அதற்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் மலை முழுவதும் ஒரே ரகம் நின்றால் ஒரே வெயிலில் எல்லாம் ஒன்றாகத்தான் விழும். மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் உங்கள் தோட்டத்திலிருந்து ஜீப் தூரம்தான். துணி கட்டிய செடியைப் பற்றி அங்கே போய்ச் சொல்லுங்கள்.

இனி குளம். நகையில் ஒரு பகுதியை வைத்தே ஆக வேண்டும் என்றால் படுதாக்குளத்துக்கு, அதாவது பிளாஸ்டிக் படுதா விரித்து மழைத்தண்ணீரைப் பிடிக்கும் குளத்துக்கு வையுங்கள். கணக்கு இது. 3 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 450 செடி. சொட்டுநீரில் செடிக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 2,250 லிட்டர். 90 நாளைக்கு 2 லட்சம் லிட்டர் சொச்சம். மேல்வாய் 12 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று, பக்கங்களைச் சரிவாக வெட்டிப் படுதா விரித்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீர் நிற்கும். வருடத்தில் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் குளத்தின் வாயில் நேராக விழும் மழையே 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். தமிழக எல்லையை ஒட்டிய மேடுகளில் மழை குறைவு, அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரைத் தண்ணீரையும் குழாய் போட்டு இறக்க வேண்டும். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வீணாகும். அப்படியும் ஒரு ஏக்கருக்கு ஒரு கோடையைத் தாண்ட உறுதியான தண்ணீர் கையில் இருக்கும். போரில் அந்த உறுதி கிடையாது.

தை, மாசியில் வெட்டினால் வரும் மழையில் நிறையும். அதனால் இந்தக் கோடைக்கு உதவாது, அடுத்த கோடைக்குத்தான். இடம் பார்ப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். கொட்டிய மண்ணின் மேலும், செங்குத்துச் சரிவிலும், கீழே வீடோ தொழிலாளர் லயமோ இருக்கும் இடத்திலும் குளம் வெட்டக் கூடாது. ஊறிய சரிவின் மேல் இரண்டு லட்சம் லிட்டர் நிற்பது என்ன என்பதை, 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்சரிந்து 70 தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் இறந்த இந்த இடுக்கி மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. அந்தச் சரிவுக்குக் காரணம் பெருமழை, குளம் இல்லை. ஆனாலும் சரிவைப் பற்றி நாம் எடுக்கும் முடிவில் அந்த ஞாபகம் இருக்க வேண்டும். சுற்றி வேலியும், உள்ளே ஒரு முடிச்சுக் கயிறும் கட்டாயம். படுதா வழுக்கும், விழுந்த பிள்ளையால் தானாக ஏறி வர முடியாது.

நிழலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் புத்தடியில் நடக்கும் ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது, வெளிச்சம் விட்டால் காய் கூடும் என்று பல தோட்டங்களில் மரத்தின் தலையை எடுத்துவிட்டார்கள். 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை இறங்கிய பிறகும் நிழல் திரும்பி வரவில்லை. கோடையில் அடிபட்டதும் முதலில் அந்தத் தோட்டங்கள்தான். உங்கள் தோட்டத்தில் பாதிக்குப் பாதி வெளிச்சம் இருந்தால் போதும். கிளை கழிப்பதை மழைக்கு முன்னால் வைகாசியில் வையுங்கள், மாசியில் கத்தியை எடுக்காதீர்கள். வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் வேகமாக வளரும் கல்யாண முருங்கையையும், நின்று பலன்தர சந்தன வேம்பு, பலாவையும் நடுங்கள். மரத்தில் மிளகுக்கொடி ஏற்றினால் ஏலம் போன வருடத்தில் கைச்செலவுக்காவது வரும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நிலம் இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறதா? ‘மாமனார் காலத்துத் தோட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, யார் பெயரில் கரம் (நிலவரி) கட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. எல்லை தாண்டி நிலம் வைத்திருக்கும் நம் ஆட்களில் பலருக்கு இதுதான் முடிச்சு. வீடும் ஆதாரும் தமிழ்நாட்டில், நிலம் கேரளத்தில், பட்டயமோ (நில உரிமைப் பத்திரமோ) காலமானவர் பெயரில். கீழே கம்பத்தில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் பச்சையாக நிற்கும் அதே நாளில் மேலே உங்கள் தோட்டம் காய்ந்தால், தேனி மாவட்ட அலுவலகத்தில் அதற்குக் கேட்பார் இல்லை. நிலம் எந்தப் பஞ்சாயத்தோ அந்த ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில்தான் இழப்பைப் பதிய வேண்டும், நிவாரணமும் காப்பீடும் அங்கிருந்துதான். கரம் அடைத்த ரசீது உங்கள் பெயரில் இல்லாமல் அந்த வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்டு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பட்டயத்தில் பெயர் மாற்றம்) செய்துவிடுங்கள். கொழுந்தனாரும் வாரிசுதானே, போர் பேச்சை நிறுத்துவதற்கு இந்த வேலையை அவரிடமே ஒப்படைக்கலாம். ஏலத்துக்கு வானிலை அடிப்படையிலான காப்பீடு இருக்கிறது. நம் தோட்டத்துக்கு வந்து யாரும் பார்ப்பதில்லை, குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழையையும் வெப்பத்தையும் வைத்துத்தான் பணம் வரும். அதனால் தோட்டம் காய்ந்தும் பணம் வராமல் போகலாம். அப்படியிருந்தும் சேர்ந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

சங்கக் கடனைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். அரசு பேரிடர் என்று அறிவித்த பகுதியில் பயிர் இழந்தவரின் பயிர்க்கடனுக்கு வங்கிகள் தவணையை நீட்டிக் கொடுக்க வழி உண்டு. உங்கள் சங்கம் என்ன செய்ய முடியும் என்று செயலாளரிடம் விண்ணப்பமாகக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். நிலம் பெயருக்கு வந்த பிறகு கிசான் கிரெடிட் கார்டுக்கு மாறினால், நாள் தவறாமல் கட்டுகிறவருக்கு 3 லட்சம் வரை 4 சதவீத வட்டிதான். அடகுக்கடை வட்டியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3 ஏக்கர் குத்தகையை, இந்த வருடக் காய் எடுத்ததும் விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, குத்தகை பிடித்துத்தான் பல குடும்பங்கள் இந்த மலையில் மேலே வந்தன. ஆனால் எழுத்தில் இல்லாத குத்தகையில் காய்ந்தால் நட்டம் உங்களுடையது, நிவாரணம் வந்தால் பட்டயக்காரருடையது. அந்த நிலத்தில் நிழல் மரம் நடவும் குளம் வெட்டவும் உங்களுக்கு மனசு வராது, வரவும் கூடாது. 5 ஏக்கரில் பரப்பிய பணத்தையும் தண்ணீரையும் 2 ஏக்கரில் வைத்தால் அது நிற்கும்.

மகன் விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் இல்லை. அவன் ஓடவில்லை. மழையை நம்பாத வருமானம் ஒன்று வீட்டுக்குள் வர வேண்டும் என்கிறான். இந்தக் காலத்தில் தோட்டத்தைக் காப்பாற்றக்கூடியதும் அதுதான். மாதம் தவறாமல் கொஞ்சம் பணம் வரும் வீடு, காய்ந்த வருடத்தில் செடியைப் பிடுங்கி விற்காது, வட்டிக்கு ஓடாது. ஆனால் தோட்டத்தை விற்றுக் கடை வைப்பது வேண்டாம். மறுநடவு செய்து காய்ப்புக்கு வராத தோட்டத்தை இன்றைக்கு விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். குத்தகைக்குக் கட்டும் பணத்தை நிறுத்தினால் அதிலேயே சின்னதாக ஒரு கடை தொடங்க முடியும். தகப்பனும் மகனும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கை இரண்டு பேரையும் உட்காரவைத்து நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

அந்த எட்டுப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்துவிட்டு இருட்டும்போது இறங்குகிறவர்கள் அவர்கள். தோட்டம் காய்ந்தால் தோட்டக்காரருக்கு நிவாரணம் என்று ஒரு பேச்சாவது எழும். கூலி போனவருக்கு அப்படி ஒரு மனுக்கூட இல்லை. அவர்களும் இந்த வறட்சியில் இழந்தவர்கள்தான், நட்டக் கணக்கில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. நீங்கள் ஒருவரே அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் மூடாக்கு, நிழல் மரம் நடவு, சரிவில் கல் அடுக்குவது, குளக்கரை கட்டுவது எல்லாம் காய் இல்லாத மாதங்களில் வரும் வேலை. வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் விடாமல் அவர்களையே கூப்பிடுங்கள். கம்பம் பக்கம் ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஊரக வேலைத்திட்ட அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் தூர் வெயிலைத் தாங்கியது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். துணி கட்டும் நாளில் அவர்கள் கூட இருக்கட்டும்.

கிருஷி பவனுக்குப் போகும்போது கர ரசீது, மாமனாரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றின் நகலோடு, 2024இல் காய்ந்த தோட்டத்தை யாராவது போனில் படம் எடுத்திருந்தால் அதையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள். போடியில் ஸ்பைசஸ் போர்டு அலுவலகத்தில் மறுநடவுக்கும் நீர்ச்சேமிப்புக்கும் மானிய விண்ணப்பம் எப்போது வாங்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள். குளம் வெட்டிய பிறகு மனுக் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய்க் கேட்டுவிடுங்கள்.